எஸ்பொசிட்டோ: ஓர் இத்தாலியக் குடும்பப்பெயரின் தோற்றத்தையும் பரவலையும் ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

எஸ்பொசிட்டோ என்பது இத்தாலியில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர்களுள் ஒன்று. ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி ஆகிய பெயர்களோடு அது எப்போதும் முன்வரிசையில் நிற்கிறது. நேப்பிள்ஸ் நகரிலோ அதற்கே முதலிடம். இத்தனை பேர் தாங்கும் ஒரு பெயரைக் கண்டவுடன், எங்கோ ஒரு மூதாதையிடம் தொடங்கிக் கிளைவிட்டுப் பெருகிய குலம் ஒன்று இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. இப்பெயரைப் பெருக்கியது எந்தக் குலமும் அன்று. பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்த அறநிலையங்களே அதைத் தலைமுறை தலைமுறையாகப் புதிது புதிதாக வழங்கி வந்தன. எனவே இப்பெயரை ஆராயப் புகுபவர், சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும், குறிப்பிட்ட ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதற்கேள்விக்கு ஒரு பிற்பகலில் விடை காணலாம். இரண்டாவது ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடியது. கீழே சொல்லப்படும் முறை எஸ்பொசிட்டோவை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், எந்த இத்தாலியப் பெயருக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம்.

முதற்படி: பெயரின் வடிவங்களைத் திரட்டுதல்

ஆவணங்களைத் தொடுவதற்கு முன், அப்பெயர் எந்தெந்த வடிவங்களில் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ள வேண்டும். 'வெளியே வைக்கப்பட்டவர்' என்று பொருள்படும் 'எக்ஸ்பொசிட்டுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது எஸ்பொசிட்டோ. பழைய கோவில் பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டவை ஆதலால், அங்கே அந்த மூலவடிவமே கண்ணில் படும். முதல் உயிரெழுத்து உதிர்ந்த ஸ்பொசிட்டோ என்ற வடிவமும் உண்டு. வடக்கே எஸ்போஸ்தி, டெல்யி எஸ்போஸ்தி என்ற வடிவங்கள் வழங்குகின்றன. ஸ்பானிய மொழியில் எக்ஸ்போசிட்டோ என்ற பெயர் இதே பொருளில், இதே காரணத்தால் தனியாகத் தோன்றியது. ஒரே ஊரின் ஒரே பதிவேட்டில் ஒரே மனிதர் இரண்டு எழுத்துமுறைகளில் வருவது சாதாரணம். அதை இருவராகக் கொண்டு குழம்ப வேண்டியதில்லை.

இத்தாலிய ஆவணங்களில் பெண்கள் திருமணத்திற்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவு செய்யப்படுவார்கள் என்பதையும் இப்போதே மனத்தில் வைக்க வேண்டும். ஒரு பாட்டியைத் தாத்தாவின் பெயரில் தேடினால் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்கமாட்டார். மாறாக, பிறப்புப் பதிவொன்றில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் எழுதப்பட்டிருப்பதால், ஒரே பக்கத்திலிருந்து இரண்டு குடும்பங்களின் நூலும் கைக்குக் கிடைக்கும்.

இரண்டாம் படி: பெயர் எந்த வகை என்று அறிதல்

இத்தாலியக் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் நான்கு ஊற்றுகளிலிருந்து வருகின்றன. தந்தையின் பெயர் (டி ஜொவான்னி), ஊர் அல்லது இனத்தின் பெயர் (ஜெனொவேசே, லொம்பார்தி, கிரேக்கோ), தொழில் (கொல்லரைக் குறிக்கும் ஃபெர்ராரி, தையற்காரரைக் குறிக்கும் சார்த்தோரி), பட்டப்பெயர் (செந்நிறத் தலைமுடியையோ முகத்தையோ குறித்த ரோஸ்ஸி) என்பன அவை. ஐந்தாவதாக ஒரு சிறு வகை உண்டு. குழந்தை கிடைத்த சூழலையே பெயராக்கியவை அவை. எஸ்பொசிட்டோ இந்த வகையைச் சேர்ந்தது.

பெயரின் ஈறும் இடத்தைக் காட்டும். வடக்கிலும் நடு இத்தாலியிலும் 'இ' என்ற பன்மை ஈறு மிகுதி. தெற்கில் 'ஓ' என்ற ஒருமை ஈறு மிகுதி. ஒரே பட்டப்பெயர் வடக்கே ரோஸ்ஸி என்றும் தெற்கே ருஸ்ஸோ என்றும் வழங்குவது இதனால்தான். வெனிஸ் வட்டாரத்துப் பெயர்கள் பெனெத்தோன், ஸானின் என்று மெய்யெழுத்தில் முடியும். சார்டீனியாவின் பெயர்கள் பீராஸ், மெலிஸ், லுஸ்ஸு என்று அமையும். தமிழ் வாசகர்கள் நன்கறிந்த இத்தாலியக் குடும்பப்பெயர் பெஸ்கி. வீரமாமுனிவரின் அந்தப் பெயர் 'இ' என்று முடிகிறது. 1680-இல் அவர் பிறந்த காஸ்திலியோனே டெல்லே ஸ்டிவியேரே வடக்கே மாந்துவாவுக்கு அருகில் உள்ள ஊர். விதி இங்கே பொருந்திவிட்டது என்பதற்காக அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. ஈறு ஒரு திசையைக் காட்டும், அவ்வளவுதான்.

இப்பெயர்கள் நிலைபெற்ற காலத்தையும் அறிந்திருப்பது நல்லது. நடுக்காலத்தில் நெகிழ்ந்து கிடந்த பெயர்களை நிலைப்படுத்தியதில் 1545 முதல் 1563 வரை நடந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்திற்குப் பெரும் பங்குண்டு. ஒவ்வொரு பங்கும் (ஒரு கோவிலின் ஆளுகைக்குட்பட்ட வட்டாரம்) திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று ஆனபின், தந்தையின் பெயரோடு மகனின் பெயரும் ஒட்டிக்கொண்டு நின்றது. பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தையையும் அந்த ஏட்டில் எழுதத்தான் வேண்டும். அவ்விடத்தில் என்ன பெயர் எழுதுவது என்ற நடைமுறைக் கேள்விக்கு ஊருக்கு ஊர் வெவ்வேறு விடை கண்டார்கள்.

மூன்றாம் படி: பெயரை வழங்கிய நிலையத்தை அடையாளம் காணுதல்

எஸ்பொசிட்டோவைப் பொறுத்தவரை மையமான இடம் நேப்பிள்ஸின் ஃபொர்செல்லா பகுதியில் இருக்கும் சாந்திஸ்ஸிமா அனுன்சியாத்தா. பதினான்காம் நூற்றாண்டில் தொடங்கிய இந்நிலையம் கோவில், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய அமைப்பு. அதன் தெருச்சுவரில் ஒரு திறப்பும், திறப்புக்குப் பின்னால் சுழலும் மர உருளையும் இருந்தன. வெளியே நிற்பவர் குழந்தையை உருளையின் குழிவில் வைத்துச் சுழற்றினால் குழந்தை உள்ளே சென்றுவிடும். உள்ளே காத்திருக்கும் பெண்ணுக்கு வெளியே நிற்பவரின் முகம் தெரியாது. இதற்குச் 'சக்கரம்' என்று பொருள்படும் 'ருவோத்தா' என்று பெயர். குழந்தை வந்த நாள், நேரம், தோற்றத்தில் தெரியும் வயது, உடுத்தியிருந்த துணி, உடலில் இருந்த அடையாளம் ஆகியவை பதிவேட்டில் எழுதப்பட்டன. இப்படி வந்தவர்களை நகர மக்கள் 'மரியன்னையின் பிள்ளைகள்' என்று அழைத்தார்கள்.

இத்தாலியக் காப்பகங்களில் விடப்பட்ட குழந்தைகளோடு பல சமயம் ஏதேனும் ஒரு பொருளும் வந்தது: பாதியாக வெட்டிய நாணயம், பாதியாகக் கிழித்த சீட்டு, ஒரு பதக்கம், ஒரு துண்டு நாடா. மறுபாதி தாயிடம் இருக்கும். வசதி வந்தபின் குழந்தையைத் திரும்பப் பெற அதுவே சான்று. ஆராய்ச்சியாளருக்கு இது முக்கியமானது. சக்கரத்தில் விடப்பட்டவர்கள் அனைவரும் முறைதவறிப் பிறந்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், வறுமையால் மணமான தம்பதியரே விட்டுச்சென்ற குழந்தைகளும் கணிசமாக இருந்தார்கள். மறுபாதியோடு திரும்பி வந்த பெற்றோரின் பெயர் பதிவேட்டின் ஓரத்தில் பிற்சேர்க்கையாக எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அத்தகைய ஓரக்குறிப்புகளைத் தவறவிடாமல் படிக்க வேண்டும்.

உள்ளே வந்த குழந்தைகள் அனைவரும் சுவருக்குள்ளேயே வளரவில்லை. பலர் பாலூட்டும் தாதியரிடம், நகருக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு, அனுப்பப்பட்டார்கள். அங்கேயே வளர்ந்து, அங்கேயே குடியேறியவர்களும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு நிலையமே சீதனம் கொடுத்து மணம் முடித்துவைத்தது. குடும்பப்பெயர் ஆண்வழியாகவே இறங்கியதால், இன்று நாம் காணும் எஸ்பொசிட்டோ குடும்பங்கள் பிழைத்து வளர்ந்து மணந்துகொண்ட ஆண்பிள்ளைகளின் வழிவந்தவை. குழந்தை இறப்பு கொடுமையாக இருந்த அக்காலத்தில் அத்தனை பேர் பிழைத்து இப்பெயரை நாட்டின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள் என்றால், சக்கரத்தின் வழியே உள்ளே சென்றவர்களின் தொகை எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே தேதி ஒன்று எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்ட யோவாக்கிம் முராவின் ஆட்சியில், கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இப்பெயரை இடுவது தடைசெய்யப்பட்டது. பிறப்பின் சூழலை நெற்றியில் எழுதி ஒட்டுவது போன்ற பெயர் வேண்டாம் என்பதே நோக்கம். அதன்பின் பதிவாளர்கள் ஊர், மாதம், புனிதர், செடி கொடி என்று எதையாவது கொண்டு புதுப்பெயர்களைப் புனைந்தார்கள். ஆகவே இன்றைய ஓர் எஸ்பொசிட்டோ குடும்பத்தின் முதல்வர் பெரும்பாலும் அந்தத் தடைக்கு முன் சக்கரத்தில் விடப்பட்டவராகவே இருப்பார். அதற்குப் பின் கைவிடப்பட்ட ஒருவரின் வழியினர் வேறேதோ பெயரில் இருப்பார்கள். சக்கரமோ 1875 வரை சுழன்றுகொண்டுதான் இருந்தது.

பிற நகரங்களின் பழக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறு பெயர்களுக்கும் வழி பிறக்கும். பிளாரன்சில் 1445-இல் திறக்கப்பட்ட, புருனெல்லெஸ்கி வடிவமைத்த இன்னொச்சென்தி காப்பகத்தின் பெயரே அங்கு வளர்ந்தவர்களுக்கு இன்னொச்சென்தி என்ற குடும்பப்பெயராயிற்று. ரோமிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு 'எறியப்பட்டவர்' என்று பொருள்படும் புரொயெத்தி என்ற பெயர் இடப்பட்டது. மிலனின் பெரிய மருத்துவமனைக்குப் புறா சின்னமாக இருந்ததால், அங்கே விடப்பட்ட குழந்தைகளுக்குப் புறாவைக் குறிக்கும் கொலம்போ என்ற பெயர் இடப்பட்டது. (இலங்கையின் கொழும்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஆனால் கொலம்போ என்று இருப்பவர் அனைவரும் அம்மருத்துவமனையின் வழிவந்தவர் அல்லர், கொலம்போ ஆட்பெயராகவும் பட்டப்பெயராகவும் வெகுகாலமாக இருந்தது, ஜெனோவாவின் கிறிஸ்தோபர் கொலம்பஸ் அதற்குச் சான்று. எஸ்பொசிட்டோவுக்கு இத்தகைய இரண்டாம் மூலம் இல்லாததே அதை ஆராய்ச்சிக்குத் தெளிவான எடுத்துக்காட்டாக்குகிறது. எனினும் அந்தத் தெளிவையும் மிகைப்படுத்தக் கூடாது: தெற்கின் சிற்றூர்களிலும் குழந்தைகள் கைவிடப்பட்டன, அங்கும் இப்பெயர் இடப்பட்டது. எஸ்பொசிட்டோ என்ற உடனே அனுன்சியாத்தா என்று எழுதிவிடுவது அவசர முடிவு.

நான்காம் படி: பரவல் வரைபடத்தைப் படித்தல்

ஒரு பெயர் எங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதைத் தொலைபேசிப் புத்தகங்களை அடிப்படையாகக் கொண்ட வரைபடங்கள் காட்டுகின்றன. இவை இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. பயனுள்ளவை, ஏமாற்றவும் வல்லவை. தொலைபேசி இணைப்பு என்பது ஓர் ஆளன்று, ஒரு வீடு. கைப்பேசி வந்தபின் புத்தகத்தில் இல்லாதவர்களே மிகுதி. எனவே வரைபடத்தின் எண்ணை மக்கள்தொகைக் கணக்காக எடுத்துக்கொள்ளாமல், அடர்த்தியின் சாயலாக மட்டும் கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டியது மொத்த எண்ணிக்கை அன்று; ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்ட விகிதம். மிலனையும் தூரினையும் எடுத்துப் பார்த்தால் எஸ்பொசிட்டோக்கள் ஏராளமாக இருப்பார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின், குறிப்பாக 1950-களிலும் 1960-களிலும், தெற்கிலிருந்து வடக்கின் தொழிற்சாலைகளுக்குப் பெருந்திரளாக மக்கள் குடிபெயர்ந்ததன் தடம் அது. பெயரின் பிறப்பிடத்திற்கு அது சான்றாகாது. அதே பெயரை விகிதத்தில் பார்த்தால், அடர்த்தி நேப்பிள்ஸிலும் அதைச் சூழ்ந்த கம்பானியா ஊர்களிலும் குவிந்து, விலக விலகக் குறைவது தெரியும். மிலனின் முன்னணிப் பெயர்களின் பட்டியலில் ரோஸ்ஸி, கொலம்போவோடு ஹு என்ற சீனப் பெயரும் இடம்பெற்றிருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும், மொத்த எண்ணிக்கையை வைத்துப் பூர்வீகம் பேசும் ஆசை அடங்கிவிடும்.

அரிய பெயர்களுக்கு வரைபடம் இன்னும் துல்லியமாக வழிகாட்டும். இரண்டு மூன்று ஊர்களில் மட்டும் இருக்கும் பெயர் என்றால் தேட வேண்டிய ஊர் அங்கேயே தெரிந்துவிடும். எஸ்பொசிட்டோ போன்ற பெருவழக்குப் பெயருக்கு அது மாவட்ட அளவோடு நின்றுவிடும். குறிப்பிட்ட ஊரைக் குடும்பத்தின் சொந்த ஆவணங்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: கடல் கடந்த கிளைகளைச் சேர்த்தல்

1876-க்கும் 1915-க்கும் இடையில் ஏறத்தாழ 1.4 கோடிப் பேர் இத்தாலியிலிருந்து வெளியேறினார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில் ஆகிய நாடுகளில் எஸ்பொசிட்டோ வேரூன்றியது அப்போதுதான். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் கதை உண்டு; அங்கிருந்த அதிகாரிகளோ கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதப்பட்ட பயணியர் பட்டியலை வைத்துச் சரிபார்த்தவர்கள். பெயர் மாறியிருந்தால் பெரும்பாலும் பின்னாளில், பள்ளியிலோ வேலையிடத்திலோ குடியுரிமை விண்ணப்பத்திலோ, குடும்பத்தாரே மாற்றிக்கொண்டிருப்பார்கள். அர்ஜென்டினாவில் கூடுதல் கவனம் தேவை: அங்கே எக்ஸ்போசிட்டோ என்று இருப்பவர் ஸ்பெயினின் காப்பகமொன்றின் வழிவந்தவராகவும் இருக்கலாம், நேப்பிள்ஸ் பெயரை ஸ்பானிய எழுத்துமுறைக்கு மாற்றிக்கொண்டவராகவும் இருக்கலாம். பெயரை மட்டும் வைத்து இதைப் பிரித்தறிய முடியாது.

ஆறாம் படி: ஆவணங்களில் பின்னோக்கிச் செல்லுதல்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். தெரிந்த தலைமுறையிலிருந்து தெரியாததை நோக்கி, ஒவ்வொரு பிணைப்பையும் ஆவணத்தால் உறுதிசெய்தபடி பின்னோக்கிச் செல்ல வேண்டும். புகழ்பெற்ற ஓர் எஸ்பொசிட்டோவில் தொடங்கி நம் குடும்பத்தை நோக்கி வரும் வேலை எப்போதும் வீண்.

பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியும் குடிமைப் பதிவேடுகள் நேப்பிள்ஸ் அரசின் நிலப்பகுதியில் 1809-இல் தொடங்குகின்றன, சிசிலியில் 1820-இல், ஒன்றுபட்ட இத்தாலி அரசின் பதிவேடுகள் 1866-இல். இவற்றுள் மிகப் பல, இத்தாலிய அரசு ஆவணக்காப்பகங்களின் அன்தெனாத்தி என்ற இணையவாசலில் இலவசமாகப் படங்களாகக் கிடைக்கின்றன. பெயரைத் தட்டித் தேடும் வசதி எல்லா ஊர்களுக்கும் இல்லாததால், ஊரையும் ஆண்டையும் தேர்ந்து, ஆண்டிறுதியில் உள்ள அகரவரிசையைத் திறந்து, அங்கிருந்து பதிவின் எண்ணுக்குச் செல்வதே நடைமுறை. நேப்பிள்ஸ் நகரம் பல வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் வட்டத்தின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் புரட்டுவதைத் தவிர வழியில்லை.

படிக்கும்போது சில சிறு குறிகள் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். தந்தையின் பெயருக்கு முன் 'டி' என்றிருந்தால் அவர் உயிரோடிருக்கிறார்; 'ஃபூ' என்றிருந்தால் காலமாகிவிட்டார். இந்த ஒரு சொல்லைக் கொண்டே இறப்புப் பதிவை எந்த ஆண்டுகளுக்கிடையில் தேடலாம் என்று குறுக்கிவிடலாம். மாதப்பெயர்களைச் சுருக்கும்போது 7 என்ற எண்ணையடுத்து 'ப்ரே' என்று எழுதியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அன்று. அவ்வாறே 8 அக்டோபரையும் 9 நவம்பரையும் குறிக்கும். பெற்றோர் தெரியாத இடத்தில் இரண்டு 'என்' எழுத்துகள் மட்டும் இருக்கும். இந்தக் குறிப்பைச் சான்றிதழ்களிலிருந்து நீக்கியது 1955-ஆம் ஆண்டுச் சட்டம்.

தெற்கு இத்தாலியின் ஆவணங்களில் ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும் பெரும்புதையல் திருமணக் கோப்பு. 'புரொச்செஸ்ஸெத்தி' என்று அழைக்கப்படும் இக்கோப்பில் மணமக்களின் பிறப்புச் சான்று இருக்கும். பெற்றோர் இறந்திருந்தால் அவர்களுடைய இறப்புச் சான்றும் இருக்கும். மணத்திற்கு இசைவு தர வேண்டிய தந்தை இறந்துவிட்டால் அவ்வுரிமை தந்தைவழிப் பாட்டனுக்குச் சென்றதால், அவரும் இல்லை என்பதை மெய்ப்பிக்கப் பாட்டனின் இறப்புச் சான்றையும் சேர்த்தார்கள். அந்தப் பாட்டன் 1809-க்கு முன் இறந்திருந்தால், சான்று கோவில் பதிவேட்டிலிருந்து படியெடுக்கப்பட்டிருக்கும். எனவே 1820-களின் ஒரு திருமணக் கோப்பு, பூட்டிக்கிடக்கும் பங்குப் பதிவேட்டின் கதவைத் தட்டாமலே பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுசேர்க்கும். என் மதிப்பில், குடிமைப் பதிவில் வேறெந்த ஆவணத்தைத் தேடுவதற்கு முன்பும் இதைத் தேடுவதே சிறந்தது.

எஸ்பொசிட்டோவுக்குத் தனியாக ஒரு சிக்கல் இங்கே எழுகிறது. பெயரிடுதல் தடைபட்ட காலமும் குடிமைப் பதிவு தொடங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் குடும்பத்தின் முதல்வரைப் பற்றிய பதிவு பெரும்பாலும் குடிமைப் பதிவேட்டில் இருக்காது. அதற்கு முந்தைய கோவில் ஏடுகளிலோ காப்பகத்தின் ஏடுகளிலோதான் இருக்கும். குடும்பம் நேப்பிள்ஸ் நகருக்கு வெளியே இருந்திருந்தால், 1740-களில் பூர்போன் மன்னர் சார்லஸின் ஆணையால் தொகுக்கத் தொடங்கிய 'கதாஸ்தோ ஒன்ச்சியாரியோ' என்ற வரிப்பதிவும் உதவும். வீட்டுத் தலைவர், தொழில், வீட்டிலிருப்போர், வயது, உடைமை எல்லாம் ஊர்வாரியாக அதில் உண்டு. நேப்பிள்ஸ் நகருக்கு அவ்வரி விலக்கப்பட்டிருந்ததால் நகரவாசிகளை அதில் தேட வேண்டாம். நேப்பிள்ஸ் அரசு ஆவணக்காப்பகத்தின் மிகப் பழைய ஏடுகள் பலவும், பாதுகாப்புக்காக நோலா அருகே கொண்டுசெல்லப்பட்டு, 1943 செப்டம்பர் 30 அன்று ஜெர்மன் படையினரால் எரிக்கப்பட்டன. நடுக்காலத்துச் சான்று என்று யாரேனும் எதையேனும் நீட்டினால் இந்தத் தீயை நினைவுகூர்வது நல்லது.

இடையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கேடயமும் கிரீடமும் வரைந்து விற்பவர்களிடம் எஸ்பொசிட்டோவுக்கும் ஒரு சின்னம் இருக்கும். சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்திற்கு உரியதே அன்றிப் பெயருக்கு உரியதன்று. இத்தாலியக் குடியரசோ 1948 முதல் பிரபுப் பட்டங்களை ஏற்பதே இல்லை. ஆயிரக்கணக்கான தொடர்பற்ற குழந்தைகளுக்கு இடப்பட்ட ஒரு பெயருக்குப் பொதுச்சின்னம் விற்பது வெறும் வியாபாரம்.

ஏழாம் படி: சக்கரத்தின் பதிவை அடைந்தபின்

முன்னோர்களுள் ஒருவரின் பெற்றோர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும் பதிவை ஒருநாள் அடைவோம். 1809-க்குப் பிந்தையதாக இருந்தால், நெப்போலியன் சட்டத்தொகுப்பின் விதிப்படி அது விரிவாகவே இருக்கும்: குழந்தையைக் கண்டெடுத்தவரோ, ஊரில் அதற்கென அமர்த்தப்பட்ட பெண்ணோ பதிவாளர்முன் கொண்டுவந்த நேரம், கிடைத்த இடம், பாலினம், தோற்ற வயது, சுற்றியிருந்த துணி, இடப்பட்ட பெயர், யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அதற்கு முந்தையது என்றால் திருமுழுக்கு ஏட்டில் ஒன்றிரண்டு வரிகளே மிஞ்சும். அப்போது காப்பகத்தின் வரவுப் பதிவேட்டில் அந்த நாளைத் தேட வேண்டும்.

அங்கே பெற்றோரின் தடம் முடிந்துவிட்டாலும், வேறிரண்டு தடங்கள் தொடங்குகின்றன. முதலாவது தாதியின் குடும்பம். குழந்தை எந்த ஊருக்கு, யார் வீட்டுக்கு அனுப்பப்பட்டது என்று தெரிந்தால், பின்னாளில் அந்த ஊரில் அதே எஸ்பொசிட்டோ செய்துகொண்ட தொழில், திருமணத்திற்குச் சாட்சியாக நின்றவர்கள், குழந்தைகளுக்கு ஞானப்பெற்றோராக இருந்தவர்கள் ஆகியோரிடையே அந்த வளர்ப்புக் குடும்பத்தின் பெயர் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். இரண்டாவது மரபணுச் சோதனை. ஆறேழு தலைமுறைக்கு முந்தைய பெற்றோரை அது நேராகக் காட்டிவிடாது. ஆனால் ஆண்வழியில் இறங்கும் குரோமோசோமை ஒப்பிட்டால், வேறொரு குடும்பப்பெயர் கொண்ட, அதே வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரோடு பொருத்தம் கிடைக்கக்கூடும். அப்படிக் கிடைத்தால் தேட வேண்டிய அடுத்த பெயர் அதுதான். அதன் வடிவங்களைத் திரட்டும் முதற்படியிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.